ஒரே ஜீன், எதிரெதிரான இரண்டு நோய்கள்: ஃபேக்டர் 5 பற்றி

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். அண்ணனுக்கு முழங்கால் அறுவைக்குப் பிறகு காலில் ரத்தக்கட்டு வந்தது. பரிசோதித்ததில் 'ஃபேக்டர் 5 லைடன், ஹெட்டிரோசைகஸ்' (ரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தின் ஜீனில், இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பரம்பரை மாற்றம்) என்று வர, நீங்களும் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கும் அதேதான். வயது 29, இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. ரத்தம் 'கெட்டியாக' இருக்கிறதா, வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா என்பது முதல் கேள்வி. நான்கு வயது மகளுக்கும் பார்த்துவிட வேண்டுமா என்பது இரண்டாவது. மூன்றாவதைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள்: இதே ஜீன் பழுதானால் ரத்தம் நிற்காமல் போகும் என்றும் எங்கோ படித்தேனே, ஒரே ஜீன் இரண்டையும் எப்படிச் செய்யும் என்று. எனக்கு அந்த மூன்றாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அது விளங்கிவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் பாதி வந்துவிடும்.

நான் ரத்தநோய் மருத்துவம் படித்தவன். பதினெட்டு ஆண்டுகளாக ரத்தம் உறைவதைச் சோதிக்கும் ஆய்வகத்தில்தான் பெரும்பாலான நேரம் போகிறது. நோயாளிகளையும் பார்க்கிறேன். ஆனால் உங்களையோ அண்ணனையோ நான் பார்த்ததில்லை. அதனால் உங்களுக்கு மாத்திரை வேண்டும், வேண்டாம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இந்த ஜீனைப் பற்றி எது உறுதி, எது இன்னும் இழுபறி என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். அதை வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

முதலில் 'கெட்டி ரத்தம்' என்ற பேச்சை ஓரமாக வைத்துவிடலாம். உங்கள் ரத்தத்தின் அடர்த்தி மற்றவர்களுடையதைப் போலத்தான் இருக்கும். ஊசியில் இழுத்தால் அதே வேகத்தில் வரும். வழக்கமாக எடுக்கும் உறைவுச் சோதனைகளான பிடி, ஏபிடிடி இரண்டுமே சரியாகத்தான் வரும். 'எல்லாம் நார்மல்னு சொன்னாங்க, இப்போ ஜீன்ல கோளாறுங்கறாங்களே' என்று குழம்பி வருகிறவர்களை மாதத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். இரண்டு அறிக்கைகளும் உண்மைதான். உங்கள் ரத்தம் உறையத் தொடங்குவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. தொடங்கிய உறைவை நிறுத்துவதில்தான் கொஞ்சம் தாமதம்.

அது எப்படி என்று பார்ப்போம். எஃப்5 என்ற ஜீன் 1-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் குறிப்பை வைத்துக் கல்லீரல் ஒரு பெரிய புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அதுதான் ஃபேக்டர் 5. அதில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, தட்டணுக்களுக்குள் சேமிப்பாக இருக்கும். சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது இந்தப் புரதத்துக்கு வேலை கிடையாது. எங்காவது ரத்தக்குழாய் கிழிந்து சிறிதளவு த்ராம்பின் (ரத்தத்தை உறைய வைக்கும் நொதி) உருவானால், அந்த த்ராம்பின் இதைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டித் தட்டி எழுப்பும். எழுந்த ஃபேக்டர் 5, ஃபேக்டர் 10-உடன் தட்டணுவின் மேற்பரப்பில் உட்கார்ந்து, த்ராம்பினின் தூங்கும் வடிவமான புரோத்ராம்பினை மேலும் மேலும் த்ராம்பினாக்கும். ஃபேக்டர் 5 தானாக எதையும் வெட்டுவதில்லை, அது நொதியே அல்ல. வெட்டுவது ஃபேக்டர் 10-தான். ஆனால் அது தனியாகச் செய்யும்போது இருக்கும் வேகத்தையும், துணைக்கு ஃபேக்டர் 5 வந்தபின் இருக்கும் வேகத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் லட்சம் மடங்குக் கணக்கில் இருக்கிறது. அந்த வேகத்தில்தான் காயம் சில நிமிடங்களில் மூடுகிறது.

இவ்வளவு வேகமான ஒன்று நிற்காமல் ஓடினால் காயம் பட்ட இடத்தோடு முடியாது, குழாய் முழுக்க அடைத்துவிடும். அதனால் உடம்பு அதே த்ராம்பினைக் கொண்டே அதை நிறுத்தவும் வழி வைத்திருக்கிறது. சேதமில்லாத ரத்தக்குழாயின் உட்சுவரைத் தொட்டதும் த்ராம்பின் கட்சி மாறிவிடும். புரோட்டீன் சி என்ற இன்னொன்றை அது எழுப்பும். எழுந்த புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் என்ற துணையோடு வந்து, ஃபேக்டர் 5-ஐ இரண்டு மூன்று இடங்களில் நறுக்கிப்போடும். முதலில் நறுக்கும் இடம் 506-ஆவது அமினோ அமிலம். அங்கே ஆர்ஜினின் இருக்க வேண்டும். புரோட்டீன் சி தேடுவது அந்த ஆர்ஜினினைத்தான்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் இருக்கும் லைடன் திரிபில், ஜீனின் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. 1691-ஆவது இடத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதன் விளைவாக 506-இல் ஆர்ஜினினுக்குப் பதில் குளூட்டமின் வந்து உட்கார்ந்துவிட்டது. புரோட்டீன் சி-க்கு அந்த இடம் அடையாளம் தெரியவில்லை. அடுத்ததாக 306-இல் வெட்டிப் பார்க்கும். அது நடக்கும், ஆனால் மெதுவாக. மொத்தத்தில் இந்த ஃபேக்டர் 5-ஐ அடக்குவதற்குச் சாதாரணமானதைவிடப் பத்து மடங்கு போல நேரமாகிறது. ஹெட்டிரோசைகஸ் என்றால் அப்பா அம்மா கொடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இந்த மாற்றம். ஆகவே உங்கள் ரத்தத்தில் ஓடும் ஃபேக்டர் 5-இல் பாதி சொன்ன பேச்சைக் கேட்கும், பாதி கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்குப் பயிற்சிக் காலத்தில் கிடைத்தது. இப்போது எல்லாம் இயந்திரம். அன்று எங்கள் பேராசிரியர், கையால் செய்து பார்க்காதவனுக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட உரிமையில்லை என்பார். நீல மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து 37 டிகிரி தண்ணீரில் வைத்து, மருந்துகளைச் சேர்த்து, கடைசியில் கால்சியம் விட்டு, கடிகாரத்தைத் தட்டிவிட்டுக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் போல ஓடிக்கொண்டிருப்பது ஒரு கணத்தில் வழுக்க மறுத்துக் கூழாக நிற்கும். சாதாரண ஆளுக்கு முப்பது விநாடி சுமார். அதே பிளாஸ்மாவில் எழுப்பிவிட்ட புரோட்டீன் சி-யைச் சேர்த்து மறுபடி செய்தால், உறையும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் நீள வேண்டும். லைடன் திரிபு உள்ளவருடைய பிளாஸ்மாவில் நேரம் நீளும், ஆனால் அந்த அளவுக்கு நீளாது. கடிகாரம் அறுபதைத் தாண்டும் என்று காத்திருக்கும்போதே குழாய்க்குள் கூழ் நின்றுவிடும்.

ஸ்வீடனின் மால்மோவில் பியோர்ன் டால்பெக் 1993-இல் வெளியிட்டதும் ஏறக்குறைய இதைத்தான். திரும்பத் திரும்ப ரத்தக்கட்டு வந்த ஒருவருடைய பிளாஸ்மாவில் புரோட்டீன் சி சேர்த்தும் எதிர்பார்த்தபடி நேரம் நீளவில்லை. குடும்பத்தாரிடமும் அதே. காரணம் எந்த ஜீன் என்பதை அடுத்த ஆண்டே, 1994-இல், நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் பெர்ட்டினாவின் குழு கண்டுபிடித்தது. பெயர் அங்கிருந்து வந்ததுதான். நோயாளி ஒருவரின் பெயரோ கிருமியின் பெயரோ அல்ல. அதையும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. இந்தக் கதையின் முதல் பாதி லைடனுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, போர்க்காலத்து நார்வேயில் நடந்தது. பவுல் ஓவ்ரன் என்ற மருத்துவரிடம், சிறு வயதிலிருந்தே ரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் வந்தார். அன்றைக்கு உறைவுக்குத் தேவை என்று தெரிந்த பொருட்கள் நான்குதான்: ஃபைப்ரினோஜன், புரோத்ராம்பின், திசுவிலிருந்து வரும் த்ராம்போபிளாஸ்டின், கால்சியம். அந்தப் பெண்ணுக்கு இவற்றில் எதிலும் குறையில்லை. புரோத்ராம்பினை நீக்கிவிட்ட சாதாரண பிளாஸ்மாவைக் கொஞ்சம் சேர்த்தாலே அவருடைய பிளாஸ்மா ஒழுங்காக உறைந்தது. அப்படியென்றால் யாரும் அறியாத ஐந்தாவது பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று ஓவ்ரன் முடிவுக்கு வந்தார். 1947-இல் விரிவாக வெளியிட்டார். ஃபேக்டர் 5 என்ற எண் அப்படி வந்தது. ஒரு துணுக்கு: ஃபேக்டர் 6 என்று இன்று எதுவும் கிடையாது. எழுப்பப்பட்ட ஃபேக்டர் 5-ஐத்தான் முதலில் 6 என்று எண்ணியிருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று தெளிந்ததும் அந்த எண் காலியாகவே நின்றுவிட்டது.

ஆக, ஓவ்ரனின் நோயாளிக்கு ஃபேக்டர் 5 போதவில்லை. உங்களுக்குப் போதிய அளவு இருக்கிறது, அணைப்பதற்குத்தான் நேரமாகிறது. ஒரு குழாயின் திருகைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கைப்பிடி உடைந்து திறக்கவே முடியாத குழாயும், திறந்தபின் மூட மூன்று முறை முறுக்க வேண்டிய குழாயும் பழுதுதான். இரண்டிலும் பழுதானது அதே திருகுதான். ஒரு ஜீன் 'கெட்டுவிட்டது' என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான் வந்து சேர்கிறது. எந்த இடத்தில், எந்த வேலையை அது கெடுத்தது என்பது மீதிப் பாதி.

ஃபேக்டர் 5 கடுமையாகக் குறைவது மிக அபூர்வம், பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற கணக்கு. அதற்கு அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். மூக்கில், ஈறில் ரத்தம், மாதவிடாயில் அளவு மீறிய போக்கு, அறுவைக்குப் பின் நிற்காத கசிவு என்று வெளிப்படும். ஹீமோஃபிலியாவுக்கு ஃபேக்டர் 8 ஊசி இருப்பது போல இதற்குத் தனி ஊசி மருந்து வழக்கில் இல்லை. உறைய வைத்த பிளாஸ்மாவைத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது, சில நேரம் தட்டணுக்களையும். ஆய்வகக்காரனுக்கு இதில் ஒரு பொறி உண்டு. ஃபேக்டர் 5 சீக்கிரம் கெட்டுப்போகும் புரதம். நான் வேலை பார்த்த இடமொன்றில் மதியம் எடுத்த ரத்தத்தை மறுநாள் காலை வரை மேசையிலேயே விட்டுவிட்டு, 'ஃபேக்டர் 5 குறைவு' என்று அறிக்கை தயாராகிவிட்டது. நல்லவேளை, அறிக்கை வெளியே போகுமுன் யாரோ ரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்தார்கள். புதிதாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி. அபூர்வ நோய் என்று அறிக்கை வந்தால் நான் முதலில் கேட்பது ரத்தம் எப்போது எடுத்தது என்றுதான்.

ஃபேக்டர் 5 அறவே இல்லாதவர்களில் சிலருக்கு ஏன் ஆபத்தான ரத்தப்போக்கு வருவதில்லை என்பது நெடுநாள் புதிர். எலிகளில் இந்த ஜீனை முழுக்க நீக்கினால் பாதி கருவிலேயே இறந்துவிடும், மீதி பிறந்த உடனே ரத்தம் கசிந்து இறக்கும். மனிதர்கள் பிழைக்கிறார்கள். ஒரு காரணம் தட்டணுக்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்ப மிச்சம். இன்னொரு காரணம் சுவாரசியமானது: ரத்தத்தில் உறைவைத் தடுக்கும் டிஎஃப்பிஐ என்ற புரதம் ஃபேக்டர் 5-ஐப் பற்றிக்கொண்டுதான் சுற்றுகிறது. ஃபேக்டர் 5 இல்லையென்றால் அந்தத் தடுப்பானும் குறைந்துபோகும். முடுக்குவது போகும்போது தடுப்பதும் கூடவே போவதால் ஓரளவு சமாளிக்க முடிகிறது. இதன் தலைகீழும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கிழக்கு டெக்சஸில் ஒரு பெரிய குடும்பத்துக்குத் தலைமுறையாக ரத்தப்போக்கு. ஃபேக்டர் 5 அளவோ சரியாக இருந்தது. 2013-இல் வெளிவந்த ஆய்வில்தான் காரணம் தெரிந்தது. ஜீனில் ஒரு மாற்றத்தால் குட்டையான ஒரு ஃபேக்டர் 5 உருவாகி, அது டிஎஃப்பிஐ-யை இறுகப் பற்றி, அதன் அளவைப் பத்து மடங்கு போல ஏற்றி வைத்திருந்தது. குறைவும் இல்லை, அணைப்பதில் தாமதமும் இல்லை. ஒரே ஜீனில் மூன்றாவது வழி.

நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே ஆளிடம் சேரவும் செய்யலாம். ஒரு பிரதியில் லைடன், இன்னொரு பிரதி செயலிழந்தது என்று அபூர்வமாகச் சிலர் பிறக்கிறார்கள். அவர்கள் உடம்பில் உருவாகும் ஃபேக்டர் 5 எல்லாமே லைடன் வகைதான். டிஎன்ஏ சோதனையில் 'ஹெட்டிரோசைகஸ்' என்று வரும். குழாயில் செய்யும் புரோட்டீன் சி சோதனையோ 'ஹோமோசைகஸ்' (இரண்டு பிரதியிலும் லைடன்) போலக் காட்டும். ரத்தக்கட்டு ஆபத்தும் பின்னதை ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டு பழுதும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று நினைக்கத் தோன்றும், அப்படி ஆவதில்லை. இரண்டு சோதனைகளும் முரண்பட்டால் ஆய்வகத்தின் தவறு என்று ஒதுக்காமல் ஃபேக்டர் 5 அளவையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். இன்னொரு முரண்: கல்லீரல் மாற்று அறுவை செய்தவர்கள். புரதம் செய்வது புதுக் கல்லீரல், டிஎன்ஏ எடுப்பது பழைய ரத்த அணுக்களிலிருந்து. ஜீன் சோதனை ஒன்று சொல்லும், ரத்தம் வேறொன்று செய்யும்.

சரி, உங்களுக்கு வருவோம். பொதுவாக ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஒரு பிரதி லைடன் உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு கூடுதல் என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. 'ஐந்து மடங்கு' என்று அறிக்கையின் அடியில் தடித்த எழுத்தில் பார்த்தால் யாருக்கும் தூக்கம் போகும். எதன் ஐந்து மடங்கு என்று கேட்டுப் பழகுங்கள். லைடன் ஆய்வாளர்களிடமிருந்தே 15 முதல் 49 வயதுப் பெண்களை வைத்து 1994-இல் ஒரு கணக்கு வந்தது. திரிபும் இல்லை, கருத்தடை மாத்திரையும் இல்லை என்ற பெண்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 0.8 பேருக்கு, அதாவது ஒருவருக்கும் குறைவாக, ரத்தக்கட்டு. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 3.0. திரிபு மட்டும் இருந்தவர்களில் 5.7. இரண்டும் சேர்ந்தவர்களில் 28.5. இந்த நான்கு எண்களையும் நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ஏனென்றால் இந்தத் திரிபைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. மாத்திரை எடுக்காத உங்களைப் போன்ற 10,000 பேரில் 9,990-க்கும் மேற்பட்டோருக்கு அந்த ஆண்டில் ஒன்றும் ஆகாது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சேர்ந்துவிட்டால் ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. அன்று புழங்கிய மாத்திரைகளும் இன்றையவையும் ஒன்றல்ல, எண்கள் கொஞ்சம் மாறும். பெருக்கல் மாறுவதில்லை.

வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டாலும் ஒரு பிரதி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தக்கட்டு வருவதேயில்லை. உங்கள் அண்ணனுக்கு வந்திருப்பதால் உங்கள் வாய்ப்பு அந்தச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருந்தால் இந்த ஒரு திரிபைத் தவிர வேறு சிலதும் உடன் இருக்கலாம் என்பது காரணம். அப்படியிருந்தும், ஒரு தொந்தரவும் இல்லாத ஹெட்டிரோசைகஸ் ஆளுக்கு உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தினசரி கொடுப்பது வழக்கமில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் எந்த மருந்துக்கும் ரத்தப்போக்கு என்ற விலை உண்டு. ஆண்டுக்கு 10,000-இல் ஆறு பேருக்கு வருவதைத் தடுக்க 10,000 பேரையும் அந்த விலை கொடுக்கச் சொல்ல முடியாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரும்பாலான ரத்தநோய் மருத்துவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

அண்ணனுக்கும் ஒரு செய்தி. அவருக்கு வந்தது அறுவைக்குப் பின். அதாவது, தூண்டிய காரணம் கண்முன்னே இருக்கிறது. ஒரு பிரதி லைடன், மறுபடி ரத்தக்கட்டு வரும் வாய்ப்பை ஒன்றரை மடங்கு அளவுக்குத்தான் ஏற்றுகிறது. எவ்வளவு காலம் மருந்து என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் கட்டு எதனால் வந்தது என்பதே, ஜீன் அறிக்கை அல்ல. அதனால்தான் அறுவைக்குப் பின் வந்த ரத்தக்கட்டுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அவருக்கு ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, குறை சொல்லவும் வரவில்லை. எடுத்தாகிவிட்டது. தெரிந்ததைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எங்கே பயன்படும் என்றால், சில காலகட்டங்களில். முதலாவது கருத்தடை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, பட்டை, வளையம் எதுவும் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லத் தயங்க மாட்டேன். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைகள், காப்பர் டி, ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் ஆகியவை ரத்தக்கட்டு ஆபத்தைக் குறிப்பிடும்படி ஏற்றுவதாகத் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி விஷயத்தில் அவ்வளவு நிம்மதியில்லை, அதில் ஆபத்து ஏறுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. மகப்பேறு மருத்துவரிடம் திரிபு இருப்பதைச் சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, மறுபடி கருவுற்றால். கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் உறைவு கூடும். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம்தான் உச்சம். இங்கே நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. இரண்டு பிரதியிலும் லைடன் உள்ளவர்களுக்கு உறைவைத் தடுக்கும் ஊசி தேவை என்பதில் பெரிய சண்டையில்லை. உங்களைப் போல ஒரு பிரதி, தனக்கு ரத்தக்கட்டு வந்ததில்லை, உடன்பிறந்தவருக்கு வந்திருக்கிறது என்றால், ஒரு வழிகாட்டுதல் பிரசவத்துக்குப் பின் ஹெப்பாரின் என்ற அந்த ஊசி பற்றி யோசிக்கலாம் என்கிறது, இன்னொன்று தேவையில்லை என்கிறது. நான் சிசேரியன், உடல் எடை, படுக்கையில் கிடந்த நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு முடிவெடுப்பேன். இன்னொருவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் அவர் தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் முதல் பிரசவம் சிக்கலின்றி முடிந்திருந்தால் அது நல்ல செய்திதான், முழு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, அறுவை, காலில் மாவுக்கட்டு, பல நாள் படுக்கை. மயக்க மருந்து மருத்துவரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள், தடுப்பு மருந்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீண்ட பயணங்களில் இடையிடையே எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒருவர் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் விமானம் ஏறாமல் இருந்திருக்கிறார். வெளிநாட்டில் மகளுக்குத் திருமணம், அதற்கும் போகவில்லை. அந்த அளவுக்குப் பயப்பட எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்காலில் காரணமில்லாமல் வலி நீடித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது இந்தத் திரிபைத்தான்.

இணையத்தில் லைடன் மீது சுமத்தப்படும் வேறு பழிகளும் உண்டு. மாரடைப்பு, பக்கவாதம்: தமனியில் வரும் இவற்றோடு தொடர்பு இருந்தாலும் மிகப் பலவீனமானது. புகையும் ரத்த அழுத்தமும் இதைவிடப் பல மடங்கு முக்கியம். கருச்சிதைவு: தொடர்பு இருக்கிறது என்று சில ஆய்வுகள், சிறியது என்று சில. திரும்பத் திரும்பக் கரு கலைந்த, இது போன்ற பரம்பரைத் திரிபு உள்ள பெண்களுக்கு ஹெப்பாரின் ஊசி போட்டால் பலன் உண்டா என்று பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசமில்லை. இன்றும் வழக்கமாக அந்த ஊசியை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நுரையீரல் அடைப்பைவிடக் கால் ரத்தக்கட்டோடுதான் லைடனுக்குத் தொடர்பு வலுவாக இருக்கிறது என்பது வேறொரு விந்தை. அதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன, எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. இரண்டு பிரதியிலும் திரிபு உள்ளவர்களுக்கு ஆபத்து 80 மடங்கு என்று தொண்ணூறுகளில் சொன்னார்கள். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது பத்து மடங்கை ஒட்டி இறங்கிவிட்டது. பழைய கட்டுரைகளில் 80-ஐப் பார்த்தால் கலங்காதீர்கள்.

இவ்வளவு தொந்தரவு தரும் திரிபு ஏன் அழிந்துபோகவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஐரோப்பிய வம்சாவளியினரில் இருபது பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளிலும் காண்பதே அரிது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எங்கோ ஒரே ஒரு ஆளிடம் தோன்றிப் பரவியது என்று டிஎன்ஏ தடயங்கள் காட்டுகின்றன. பிரசவத்தில் இத்திரிபு உள்ள பெண்கள் குறைவாக ரத்தம் இழந்தார்கள் என்று ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொன்னது. மருத்துவமனையோ ரத்தம் ஏற்றும் வசதியோ இல்லாத காலத்தில் அது பெரிய ஆதாயமாக இருந்திருக்கும். கேட்க அழகான விளக்கம், நம்பவும் தோன்றுகிறது. ஆனால் இருபதாயிரம் ஆண்டுக்கு முந்தைய பிரசவங்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மகளுக்கு வருவோம். அவளுக்கு இத்திரிபு வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. இன்று தெரிந்துகொண்டு நீங்கள் வேறு விதமாகச் செய்யப்போவது ஒன்றுமில்லை. ஹெட்டிரோசைகஸ் லைடன் மட்டும் காரணமாக நான்கு வயதில் ரத்தக்கட்டு வருவது அரிதிலும் அரிது. மருந்தும் கிடையாது, ஓடியாடுவதில் தடையும் கிடையாது. ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் நோயின் பெயர் ஒன்று வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். அவள் பெரியவளாகி ஹார்மோன் மாத்திரை பற்றிப் பேச்சு வரும்போது, அவளே முடிவு செய்து எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஜீன் சோதனை ஒரு முறை எடுத்தால் போதும், வயதோடு மாறாது.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'டிஎன்ஏ' அல்லது 'பிசிஆர்' என்று முறையைக் குறிப்பிட்டிருந்தால் சரி. 'ஏபிசி ரெசிஸ்டன்ஸ்' (எழுப்பிவிட்ட புரோட்டீன் சி-க்கு அடங்க மறுப்பது) என்று மட்டும் இருந்தால் அது குழாயில் செய்த உறைவுச் சோதனை, அதை வைத்து ஹெட்டிரோசைகஸ் என்று எழுதியிருக்கக் கூடாது. அண்ணனுடைய அறிக்கையையும் பாருங்கள். ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்ற, உறைவைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது உறைவுச் சோதனை செய்திருந்தால் முடிவு தப்பாக வர இடமுண்டு, ஜீன் சோதனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு 'புரோத்ராம்பின் 20210' என்ற இன்னொரு திரிபையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது அவருக்கு இருந்து, உங்களுக்கும் இருந்தால், மேலே சொன்ன கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். அந்த முடிவு கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.